அரச காட்டுத் திட்டமும் பல அளவுகோல் கணக்கும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று எங்கே கூட்டம் வைத்தாலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கடற்றொழிலாளர் சங்கத்தார் கேட்பதையே மாதர் சங்க அக்காமாரும் வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். பிரதேச செயலக உத்தியோகத்தர்களும் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறார்கள். அதனால் கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே வைத்து, பதில்களை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கீழே வரும் உதாரணக் கணக்கில் உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. எந்த இடத்திலும் அளந்து எடுத்தவை அல்ல.

1. "பல அளவுகோல் முறை எண்டு சொல்லுறியள். அது என்ன எண்டு சுருக்கமாச் சொல்லுங்கோ."

ஒரு அரச காட்டை அடுத்த பத்து, இருபது ஆண்டுகளுக்கு என்ன செய்வது என்று தீர்மானிக்க உட்கார்ந்தால் பல தேவைகள் ஒன்றோடொன்று முட்டும். ஒருவருக்கு விறகு வேண்டும். இன்னொருவருக்கு மணல் வீட்டுக்குள் வராமல் நிற்க வேண்டும். பறவைக்கும் இடம் வேண்டும், திணைக்களத்திடம் காசும் குறைவு. இந்த முறையில் முதலில் செய்யக்கூடிய தெரிவுகளை எழுதுகிறோம். பிறகு எவற்றைப் பார்த்துத் தீர்மானிப்பது என்ற அளவுகோல்களை எழுதுகிறோம். ஒவ்வொரு தெரிவுக்கும் ஒவ்வொரு அளவுகோலிலும் ஒரு புள்ளி, ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒரு நிறை, அதாவது அது எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டும் எண். புள்ளியை நிறையால் பெருக்கிக் கூட்டினால் தெரிவுகள் வரிசைப்படும்.

இதில் புள்ளியும் நிறையும் இரண்டு வேறு சாமான்கள். "சவுக்கை வெட்டினால் காற்று எவ்வளவு கூடும்?" என்பது தெரிந்தவரிடம் கேட்க வேண்டியது. "காற்றைத் தடுப்பது பெரிதா, விறகு பெரிதா?" என்பதற்குப் பதில் சொல்ல எந்த நிபுணருக்கும் தனி உரிமை கிடையாது. அது அங்கே வாழ்கிறவர்களின் கேள்வி. இந்த இரண்டையும் பிரித்து, எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைப்பதுதான் இந்த முறையின் பெரிய பயன் என்று நான் நம்புகிறேன். மீதி எல்லாம் பெருக்கல் கணக்கு.

2. "யாழ்ப்பாணத்தில காடு எங்க கிடக்கு, திட்டம் போட?"

வன்னியைப் போன்ற பெருங்காடு இங்கே இல்லை. ஆனால் கிழக்கே சுண்டிக்குளம் இருக்கிறது. 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. அதே ஆண்டு நெடுந்தீவிலும் ஒரு தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டது. மணற்காட்டில் மணல்மேடும் சவுக்கந்தோப்பும் இருக்கின்றன. தொண்டைமானாறு, உப்பாறு நீரேரிகளின் ஓரங்களில் உவர்நீரில் வளரும் கண்டலும் கண்ணாவும் நிற்கின்றன. பனங்கூடல்களும் பற்றைக்காடுகளும் வேறு.

நிலம் சிறிது என்பதாலேயே இங்கே சிக்கல் பெரிது. ஆயிரக்கணக்கான ஹெக்டேயர் இருந்தால் ஒரு பக்கத்தை மரத்துக்கும் ஒரு பக்கத்தை மானுக்கும் ஒதுக்கிவிடலாம். ஒரு கிலோமீற்றர் நீளச் சவுக்கந்தோப்பில் எல்லோருடைய தேவையும் அதே மரங்களின் மேல்தான் வந்து விழும்.

3. "காட்டைக் காடாவே விட்டால் போதாதோ? ஏன் உந்தக் கணக்கெல்லாம்?"

சில இடங்களில் அதுவே சரியான முடிவாக இருக்கும். அதனால்தான் "இப்படியே விடுவது" என்பதும் ஒரு தெரிவாகப் பட்டியலில் இருக்க வேண்டும். அது இல்லாத பட்டியலை நான் நம்ப மாட்டேன்.

ஆனால் விட்டுவிடுவதற்கும் ஒரு விளைவு உண்டு. சவுக்கு நாங்கள் நட்ட மரம், தானாக வந்த காடு அல்ல. அதன் ஊசிச் சருகு தடிப்பாகப் படிந்த இடத்தில் வேறு செடி எழும்புவது அரிது. மணலைப் பிடித்து வைத்திருக்கும் இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் வெளிச்சம் விழும் கரையோரத்தில்தான் படரும். சும்மா விட்டால் எது நிற்கும், எது போகும் என்பதையும் எழுதித்தான் பார்க்க வேண்டும்.

4. "எல்லாத்தையும் காசாக்கிப் பார்த்தால் லேசுதானே?"

காசாக்கக்கூடியதை ஆக்கலாம். விறகுக்கு விலை உண்டு, தடிக்கு விலை உண்டு. மணல்மேட்டுக்குக் கீழே தேங்கி நிற்கும் நல்ல தண்ணீருக்கு யாரும் விலைச்சீட்டு எழுதுவதில்லை. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லாத, கிணற்றை நம்பியே வாழும் குடாநாட்டில் அந்தத் தண்ணீரை எந்த விலையில் போடுவது? விலை தெரியாதது கணக்கில் பூச்சியமாகிவிடும். அதுதான் காசுக் கணக்கில் நான் காணும் முதல் ஆபத்து.

இரண்டாவது, காலம். காசுக் கணக்கில் பிற்காலப் பயனைக் கழிவு போட்டுத்தான் இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவருவார்கள். ஆண்டுக்கு 10 வீதம் கழித்தால், 15 ஆண்டு கழித்து வரும் 100 ரூபாவின் இன்றைய பெறுமதி சுமார் 24 ரூபா. 30 ஆண்டு கழித்து வருவதென்றால் 6 ரூபா கூட இல்லை. பனை காய்க்கவே பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் எடுக்கும். இந்தக் கணக்கில் வடலி நடுகிறவன் எப்போதும் தோற்பான். பல அளவுகோல் முறையில் காசும் ஓர் அளவுகோலாக உள்ளே வரும், மற்றவற்றை விழுங்காது.

5. "அளவுகோலை ஆர் தெரிவு செய்யிறது? எத்தினை வேணும்?"

காட்டைப் பாவிக்கிறவர்கள், அதால் பாதிக்கப்படுகிறவர்கள், சட்டப்படி பொறுப்பானவர்கள் மூன்று தரப்பும் இருக்க வேண்டும். யாழ்ப்பாணக் கரையோரத்தில் பொறுப்பே பல கைகளில் இருக்கிறது. காடு வனவளத் திணைக்களத்திடம், பூங்காவும் சரணாலயமும் வனசீவராசிகள் திணைக்களத்திடம், கரை கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திடம். அதற்குள் பிரதேச செயலகம், பிரதேச சபை. ஒரு தரப்பை விட்டுவிட்டுக் கூட்டம் நடத்தினால் அடுத்த கிழமை அதே கூட்டத்தை இன்னொரு தடவை நடத்த வேண்டி வரும்.

எண்ணிக்கை நான்கிலிருந்து ஏழு வரை போதும். அதற்கு மேல் போனால் ஒன்றையே இரண்டு பெயரில் எழுதியிருக்கிறோமா என்று பாருங்கள். "புயல் தடுப்பு", "வீடுகளின் பாதுகாப்பு", "மணல் நகராமை" என்று மூன்று வரி எழுதினால் ஒரே விஷயம் மூன்று தடவை நிறை வாங்கிக்கொள்ளும். வேண்டுமென்றே செய்தாலும் தெரியாமல் செய்தாலும் விளைவு ஒன்றுதான். அதோடு, எல்லாத் தெரிவிலும் ஒரே அளவாக இருக்கும் விஷயத்தை அளவுகோலாக வைக்கத் தேவையில்லை. அது எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும் வரிசையை மாற்றாது.

6. "ஒரு கணக்கைச் செய்து காட்டுங்கோ, அப்பதான் விளங்கும்."

கடற்கரையோரம் ஒரு முதிர்ந்த சவுக்கந்தோப்பு என்று வைத்துக்கொள்வோம். தெரிவுகள் மூன்று. அ: இப்படியே விடுவது. ஆ: பகுதி பகுதியாக வெட்டி மறுபடி சவுக்கே நடுவது. இ: கடல் பக்க வரிசைகளை நிற்கவிட்டு, உட்பக்கத்தில் மெல்ல மெல்லப் பூவரசு, வேம்பு, பனை என்று உள்ளூர் மரங்களுக்கு மாற்றுவது. ஒவ்வொரு அளவுகோலிலும் மூன்றில் சிறந்ததற்கு 100, மோசமானதற்கு 0, இடையில் உள்ளதற்கு இடைப்பட்ட புள்ளி.

| அளவுகோல் | நிறை | அ | ஆ | இ |
|---|---|---|---|---|
| காற்று, மணல் தடுப்பு | 40 | 100 | 0 | 70 |
| உள்ளூர்ச் செடி, பறவை | 25 | 20 | 0 | 100 |
| விறகு, தடி | 20 | 0 | 100 | 40 |
| செலவு குறைவு | 15 | 100 | 60 | 0 |

அ என்ற தெரிவுக்கு 40, 5, 0, 15 சேர்த்து 60. ஆ என்பதற்கு 0, 0, 20, 9 சேர்த்து 29. இ என்பதற்கு 28, 25, 8, 0 சேர்த்து 61.

இங்கே 0 என்றால் "ஒன்றுமே இல்லை" என்று பொருள் அல்ல. மூன்றிலும் பின்தங்கியது என்பதுதான் பொருள். இப்படியே விட்டாலும் விழுந்த சுள்ளி பொறுக்கலாம். மற்ற இரண்டோடு பார்க்கும்போது அது குறைவு, அவ்வளவுதான். கூட்டத்தில் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "எங்கட விறகுக்கு முட்டை போட்டிட்டாங்கள்" என்று கோபித்துக்கொண்டு எழும்பிப் போகிறவர்களிடம் பிழையில்லை, யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை.

7. "61 எண்டால் 60ஐ வெண்டிட்டுது. பிறகென்ன கதை?"

இல்லை. ஒரு புள்ளி வித்தியாசத்தை வெற்றி என்று எடுக்கவே கூடாது. உள்ளூர்ச் செடிக்கான நிறையை 25இலிருந்து 20 ஆக்கி, அந்த 5ஐச் செலவுக்குக் கொடுத்துப் பாருங்கள். அ 64 ஆகிறது, இ 56க்கு இறங்குகிறது. அவ்வளவு சின்ன மாற்றத்தில் வரிசை தலைகீழாகிவிட்டது.

இப்படி நிறைகளையும் புள்ளிகளையும் அசைத்துப் பார்ப்பதைக் கட்டாயம் செய்ய வேண்டும். செய்தால் இரண்டு விஷயம் தெரியவரும். எந்த எண்ணைப் பற்றி இன்னும் நன்றாக விசாரிக்க வேண்டும் என்பது ஒன்று. எந்தத் தெரிவு எப்படி அசைத்தாலும் கடைசியில் நிற்கிறது என்பது மற்றது. மேலே உள்ள கணக்கில் "ஆ" தேறுவது கடினம். அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அ, இ இரண்டுக்கும் நடுவில் ஒரு நான்காவது வழி இருக்கிறதா என்று யோசிக்கலாம். உதாரணமாக, இ போலவே, ஆனால் நாற்றுச் செலவைக் குறைத்து ஆண்டுக்குக் கொஞ்சமாகச் செய்வது. நல்ல திட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. வரிசையை வாசித்துவிட்டுக் கூட்டத்தைக் கலைத்தால் அது கிடைக்காது.

8. "நிறை போடச் சொன்னால் எங்கட சனம் எல்லாம் முக்கியம் எண்டுதான் சொல்லுது. என்ன செய்யிறது?"

கேள்வியில்தான் பிழை. "பாதுகாப்பு முக்கியமா, விறகு முக்கியமா?" என்று வெறுமனே கேட்டால் யார்தான் பாதுகாப்பு வேண்டாம் என்பார்கள்? 2004 டிசம்பர் 26ஐக் கண்ட வடமராட்சி கிழக்கில் அந்தக் கேள்வியைக் கேட்பதே சரியில்லை. நிறை என்பது "எங்கேயிருந்து எங்கே" என்பதோடு கட்டப்பட்டது. இந்த மூன்று தெரிவுக்குள் காற்றுத் தடுப்பில் உண்மையில் எவ்வளவு வித்தியாசம் வரும், விறகில் எவ்வளவு வரும் என்று காட்டிவிட்டு, "இந்த நான்கில் ஒன்றைத்தான் மோசமான நிலையிலிருந்து நல்ல நிலைக்குத் தூக்கலாம் என்றால் எதைத் தூக்குவீர்கள்?" என்று கேளுங்கள். பிறகு அடுத்தது, அதற்கு அடுத்தது.

அப்புறம் புளியங்கொட்டை. ஒவ்வொருவருக்கும் 20 கொட்டை, தரையில் நான்கு பேப்பர். ஒவ்வொரு பேப்பரிலும் எழுத்தோடு ஒரு படமும் வரையுங்கள். சுள்ளிக்கட்டு, அலையும் காற்றும், பறவை, ரூபாத் தாள். வரிசைக்கு ஏற்றபடி கொட்டையைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். 8, 5, 4, 3 என்று வைத்தால் ஒவ்வொன்றையும் ஐந்தால் பெருக்க, மேலே கண்ட 40, 25, 20, 15 வந்துவிடும். கையில் எடுத்து வைக்கும்போது ஆட்கள் நிதானிப்பார்கள். ஒரு கொட்டையை எடுத்து அடுத்த பேப்பரில் போட்டு, திரும்ப எடுத்து, பக்கத்திலிருப்பவரோடு கதைத்து வைப்பார்கள். அந்தக் கதையையும் ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டும். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணம் அதில்தான் இருக்கிறது.

9. "எல்லாற்ற நிறையையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நியாயம்தானே?"

பார்க்க நியாயம் போல இருக்கும். அதனால்தான் கவனம் தேவை. 6ஆம் கேள்வியின் புள்ளிகளையே எடுப்போம். விறகு பொறுக்கும் பெண்கள், அட்டவணையின் வரிசைப்படி, 30, 15, 40, 15 என்று நிறை வைக்கிறார்கள் என்போம். அவர்களுக்கு இ 52, ஆ 49, அ 48. கரையில் வீடும் வாடியும் உள்ள கடற்றொழிலாளர் 60, 10, 10, 20 என்று வைக்கிறார்கள். அவர்களுக்கு அ 82, இ 56, ஆ 22.

சராசரி எடுத்தால் அ 65, இ 54, ஆ 35.5. முடிவு "அ". பெண்களுக்கு எது கடைசியாக இருந்ததோ அதுவே எல்லோருடைய பெயரிலும் முதலாவதாகிவிட்டது. சராசரி எண்ணில் அது தெரியவே தெரியாது. அறிக்கையில் "மக்களின் விருப்பம்: அ" என்று ஒரு வரி மட்டும் இருக்கும்.

அதனால் ஒவ்வொரு தரப்பின் வரிசையையும் தனித்தனியே காட்டுங்கள். பக்கம் பக்கமாக வைத்தால் "இ" பெண்களுக்கு முதலாவது, கடற்றொழிலாளருக்கு இரண்டாவது என்பது உடனே கண்ணில் படும். பிறகு பேச்சு அங்கிருந்து தொடங்கும். கடல் பக்கம் எத்தனை வரிசை நிற்க வேண்டும், எத்தனை ஆண்டில் மாற்றுவது என்று. அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காத கணக்கை நான் பங்கேற்பு என்று ஏற்க மாட்டேன்.

10. "ஏ.எச்.பி எண்டு பிள்ளையள் கம்பஸில படிக்கினம். அதுதானே பெரிய முறை?"

பிரபலமான முறை, விரித்தால் Analytic Hierarchy Process. தோமஸ் சாட்டி 1970களில் உருவாக்கியது. அளவுகோல்களைச் சோடி சோடியாக எடுத்து, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1இலிருந்து 9 வரை சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டைத்தான் யோசிப்பதால் பலருக்குப் பிடிக்கும். சொன்ன பதில்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்றும் அது சோதிக்கும். பாதுகாப்பு விறகைவிட 3 மடங்கு, விறகு செலவைவிட 2 மடங்கு என்றவர், பாதுகாப்பு செலவைவிட 6 மடங்கு என்று சொன்னால் முழுப் பொருத்தம். 2 மடங்குதான் என்றால் முரண்பாட்டு விகிதம் 0.10 என்ற வழமையான எல்லையைத் தாண்டிவிடும், மறுபடி கேட்க வேண்டும்.

சிரமங்களும் உண்டு. அளவுகோல் நான்கென்றால் 6 சோடி, ஏழென்றால் 21, பத்தென்றால் 45. மத்தியான வெயிலில் ஓலைக் கொட்டிலில் இருந்து 45 கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்வது சனத்துக்குச் செய்யும் கரைச்சல். அதோடு "எங்கேயிருந்து எங்கே" என்று 8ஆம் பதிலில் சொன்னதை இந்த முறை தானாகக் கேட்பதில்லை, நாங்கள்தான் சேர்த்துக் கேட்க வேண்டும். புதிதாக ஒரு தெரிவைச் சேர்த்தால் பழைய இரண்டின் வரிசை மாறிவிடக்கூடும் என்பதை பெல்ற்றனும் கியரும் 1983இல் காட்டினார்கள். பிள்ளைகள் ஆய்வுக்குப் பாவிக்கட்டும். கிராமக் கூட்டத்துக்குக் கொட்டையே போதும்.

11. "வேற முறையளும் இருக்காமே?"

நிறைய. பிரான்சில் பெர்னார் றோய் 1960களில் தொடங்கிய எலெக்ட்ர், பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜான்-பியர் பிரான்ஸ் என்பவர் 1982இல் முன்வைத்த புரொமெதே, ஹுவாங், யூன் இருவரின் 1981ஆம் ஆண்டு டொப்சிஸ் எல்லாம் அடிக்கடி காதில் விழும். எலெக்ட்ர் வகையில் ஓர் அளவுகோலில் மிக மோசமான தெரிவை மற்ற நன்மைகள் காப்பாற்ற முடியாதபடி தடை போடலாம். அந்த யோசனை எங்களுக்கு மிகவும் வேண்டியது, அடுத்த கேள்வியில் வருகிறது.

இன்னொன்று, 1998இல் பின்லாந்து ஆய்வாளர்கள் முன்வைத்த ஸ்மா. நிறை தெரியாதபோது, சாத்தியமான நிறைகள் எல்லாவற்றையும் கணினியில் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு தெரிவும் எத்தனை வீதம் முதலாவதாக வருகிறது என்று சொல்லும். சனம் தங்கள் நிறையை வெளியில் சொல்லத் தயங்கும் இடத்தில் பயன்படும்.

12. "கண்டலை அழிச்சுப்போட்டு, வேற எதிலயாவது புள்ளி கூடினால் சரியோ?"

இந்தக் கேள்வியைக் கேட்ட அண்ணைக்கு நன்றி சொல்ல வேண்டும். வெறும் கூட்டல் கணக்கில் அது நடக்கும். சுற்றுலாவில் 100 எடுத்த திட்டம், கண்டலில் 0 எடுத்தாலும் முன்னுக்கு வரலாம்.

ஆகவே கூட்டலுக்கு முன்னால் எல்லை போட வேண்டும். இறாலும் மீன்குஞ்சும் வளரும் கண்டல் வேருக்கு நீரேரித் தண்ணீர் வந்து போகும் வழி அடைபடக் கூடாது. முதல்வரி மணல்மேட்டைக் கிண்டக் கூடாது. இந்த நிபந்தனையை மீறும் தெரிவு புள்ளி வாங்கவே வராது, வாசலிலேயே நிற்கும். திரும்பி வராத ஒன்றைத் திரும்பி வரும் ஒன்றோடு மாற்றிக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான நிலைப்பாடு. விறகு அடுத்த ஆண்டும் வரும், வேறு இடத்திலும் வாங்கலாம். உவர் ஏறிய கிணற்றை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது.

எல்லாவற்றையும் எல்லையாக்கவும் கூடாது. பத்து எல்லை போட்டால் ஒரு தெரிவும் மிஞ்சாது. இரண்டு, மூன்று போதும். ஏன் அவை எல்லை என்பதை ஒவ்வொரு வரியில் எழுதி வையுங்கள்.

13. "கோயில் மரம், சுடலை உதுக்கெல்லாம் எப்பிடிப் புள்ளி போடுறது?"

போடாதீர்கள். அந்த இடங்களை முதலில் வரைபடத்தில் குறித்து, ஊரவரோடு நடந்து பார்த்து, திட்டத்துக்கு வெளியே வையுங்கள். 12ஆம் பதிலில் சொன்ன எல்லை போலத்தான். "வைரவர் மரத்துக்கு நூற்றுக்கு எத்தனை?" என்று கேட்டால், பதில் வந்தாலும் அந்தப் பதிலில் ஒன்றுமில்லை. கேட்டவர்மேல் நம்பிக்கையும் போய்விடும்.

14. "கொம்பியூட்டர் இல்லாமல் செய்யலாமோ?"

தாராளமாக. 6ஆம் கேள்விக் கணக்கை ஒரு கொப்பித் தாளில் செய்யலாம். நிறைகளை அசைத்துப் பார்க்க எக்செல் இருந்தால் வேகம். பல நூறு காட்டுத் துண்டு, ஐம்பது ஆண்டுக் காலம் என்று போகும்போதுதான் பெரிய மென்பொருள் தேவைப்படும்.

15. "வேற நாட்டில உண்மையா இதைப் பாவிச்சவையோ?"

பின்லாந்தை முதலில் சொல்லலாம். 1990களின் தொடக்கத்தில் யிர்கி கங்கஸ் ஏ.எச்.பியைக் காட்டுத் திட்டத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு அதே பத்தாண்டில் கைனூ பிரதேசத்தின் அரச காடுகளுக்குத் திட்டம் போடும்போது, வெவ்வேறு தரப்பினரின் விருப்பங்களை எண்ணாக்கி, தெரிவுகளோடு ஒப்பிட்டார்கள். அங்கே மோதியவை மரவெட்டு, வேலைவாய்ப்பு, இயற்கைப் பாதுகாப்பு, பொழுதுபோக்கு. பெயர்களை மாற்றினால் எங்கள் பட்டியலிலிருந்து அதிக தூரமில்லை.

அமெரிக்காவின் கதை வேறு. தேசிய காடுகளுக்கு 1976இல் வந்த சட்டத்தின் கீழ் திட்டம் போட, போர்ப்ளான் என்ற பெரிய கணினி மாதிரியைப் பாவித்தார்கள். அது பல அளவுகோல் முறை அல்ல, உச்சப்பயன் தேடும் நேரியல் கணக்கு. உள்ளே என்ன நடக்கிறது என்று பொதுமக்களுக்கு விளங்காததால் வந்த விமர்சனம் ஏராளம். 14ஆம் பதிலில் கொப்பித் தாளைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

16. "சட்டப்படி உந்தக் கணக்குக்கு என்ன பெறுமதி?"

தனியே பெறுமதி இல்லை, முடிவுக்கு உதவும் ஓர் ஆவணம். 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டம், 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் திருத்தங்களோடு அப்படியே மேலே நிற்கும். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதென்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறைக்குள் போக வேண்டும். எங்கள் அட்டவணையில் 95 வாங்கினாலும் அதைத் தவிர்க்க முடியாது.

17. "முடிவை முதலே எடுத்திட்டு, கணக்கைப் பிறகு பொருத்திப் போட்டால் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

கஷ்டம், ஆனால் முடியும். நிறைகள் எப்போது எழுதப்பட்டன என்று கேளுங்கள். புள்ளி தெரிந்த பிறகு நிறை போட்டிருந்தால் வேண்டிய தெரிவை முன்னுக்குக் கொண்டுவருவது சின்ன வேலை, 7ஆம் பதிலில் பார்த்தீர்களே. தெரிவுகளைப் பாருங்கள். ஒன்று நல்லதாகவும் மற்ற இரண்டும் யாருமே விரும்பாததாகவும் இருந்தால், அங்கே ஒப்பீடு நடக்கவில்லை. அளவுகோல்களில் ஒரே விஷயம் பல பெயரில் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். "இப்படியே விடுவது" இருக்கிறதா? நிறையை அசைத்துப் பார்த்த தாள் இருக்கிறதா?

தாள்களைத் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். "திட்டத்தைத் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், தெரிவுப் பட்டியல், ஒவ்வொரு புள்ளிக்கும் ஆதாரம், ஒவ்வொரு தரப்பின் நிறை, கூட்ட வரவுப் பதிவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

18. "கணக்கு ஒண்டைச் சொல்லுது, சனத்துக்கு மனம் வரேல்லை. எதை நம்புறது?"

சனத்தின் மனம் வராததை ஒரு தகவலாக எடுங்கள். பெரும்பாலும் ஏதோ ஓர் அளவுகோல் பட்டியலில் இல்லாமல் போயிருக்கும். வேலி போட்டால் கடலுக்குப் போகும் ஒழுங்கை அடைபடும் என்பது போல, சொல்ல மறந்த ஒன்று. அதைச் சேர்த்து மறுபடி கணக்குப் பாருங்கள். சேர்த்த பிறகும் மனம் வரவில்லை என்றால் யாரோ ஒருவரின் நிறை உண்மையில் வைத்ததைவிட வேறு. அதைக் கேட்டுத் திருத்தலாம். இரண்டும் சரியாக இருந்து, பழக்கத்தால் மட்டும் தயங்குகிறார்கள் என்றால், சிறு துண்டில் செய்து காட்டிவிட்டு மீதியைப் பேசலாம்.

19. "எங்கட காணியையே காடு எண்டு அடையாளம் போட்டிருக்கு. அதுக்கும் நாங்கள் கொட்டை வைக்கிறதோ?"

இல்லை, வைக்கக் கூடாது. இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளில் பற்றை மண்டிப் போன குடியிருப்பும் தோட்டமும் திரும்பி வந்தபோது காடாக நின்ற குடும்பங்கள் வடக்கில் பல. ஒருவருடைய உறுதிக் காணியை, பறவைக்கு இத்தனை, விறகுக்கு இத்தனை என்ற அட்டவணைக்குள் இழுத்தால், அவருடைய உரிமையைப் பேரம் பேசுவதற்கு நாங்களே மேசை போட்டுக் கொடுத்ததாகிவிடும். "கூட்டத்துக்கு வந்து கையெழுத்து வைத்தீர்கள்தானே" என்று அதையே பிறகு அவருக்கு எதிராகக் காட்டவும் கூடும்.

எனவே எல்லை முதலில். வர்த்தமானியில் உள்ள எல்லை, நில அளவைப் படம், குடும்பங்களிடம் உள்ள உறுதி, அனுமதிப்பத்திரம், அவை தொலைந்திருந்தால் பழைய கிணறு, அத்திவாரம், நட்ட தென்னை, அயலவரின் சாட்சி எல்லாவற்றையும் கிராம அலுவலரோடும் பிரதேச செயலகத்தோடும் தனி வேலையாகப் பார்த்து முடிக்க வேண்டும். தகராறு இல்லாத பகுதிக்குத் திட்டத்தைத் தொடங்கலாம். தகராறுள்ள துண்டை வரைபடத்தில் வேறு நிறத்தில் காட்டி, அதற்கு எந்தத் தெரிவும் எழுதாமல், எந்தப் புள்ளியும் போடாமல் விட்டுவிடுங்கள். கூட்ட அறிக்கையிலும் அப்படியே எழுதி, அந்தக் குடும்பங்களுக்கு ஒரு பிரதியைக் கொடுங்கள்.